காணாக்கடி: ஊசி இடைவெளியை எப்போது குறுக்குவது, எப்போது நீட்டுவது?

ஊசி அறை, ராயபுரம் | பதிவு 1

நாள்பட்ட தடிப்புக்கு, அதாவது காணாக்கடிக்கு (அர்டிகேரியா), ஓமலிசுமாப் ஊசி போடுற இடங்கள்ல இந்த ரெண்டு கேள்வியும் திரும்பத் திரும்ப வருது. ஒரே இழையில பேசிடலாம்.

ஒண்ணு: 300 மி.கி., 4 வாரத்துக்கு ஒரு தடவை. மூணு வாரம் சுத்தமா இருக்கு. 22, 23-ம் நாள்ல இடுப்பு, மணிக்கட்டுல ஆரம்பிச்சு, அடுத்த ஊசி வர்றதுக்குள்ள உடம்பு முழுக்கப் பரவுது. ஊசி போட்ட சில நாள்ல அடங்கிடுது. டோஸை ஏத்தறதா, நாளைக் குறைக்கறதா?

ரெண்டு: ஆறு மாசமா ஒரு தடிப்புகூட இல்லை. "இனிமே ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு போட்டா போதாதா?"ன்னு கேக்கறாங்க. காரணம் காசுதான். நேரா 8 வாரத்துக்குத் தாவலாமா?

"டாக்டரைப் பாருங்க"ன்னு மட்டும் யாரும் எழுத வேண்டாம். அது எல்லாருக்கும் தெரியும். டாக்டர் முன்னாடி உட்காரும்போது கையில என்ன இருக்கணும்ங்கறதுதான் கேள்வி.

தோல் முதுகலை | பதிவு 2

கையில் இருக்க வேண்டியது ஒரே ஒரு தாள். தினக் குறிப்பு. அது இல்லாமல் இடைவெளியைத் தொடவே கூடாது என்பது என் கட்சி. "போன மாசம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் முந்தின மூன்று நாளைத்தான் எவரும் நினைவில் வைத்திருப்பார்கள்.

முறையின் பெயர் யு.ஏ.எஸ். 7. தினமும் இரண்டே எண். தடிப்பு: இல்லை என்றால் 0, 24 மணி நேரத்தில் 20-க்குக் கீழ் 1, 20 முதல் 50 வரை 2, 50-க்கு மேல் அல்லது ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய திட்டாகிவிட்டால் 3. அரிப்பு: இல்லை 0, இருக்கிறது, ஆனால் தொந்தரவில்லை 1, தொந்தரவு உண்டு, வேலையும் தூக்கமும் கெடவில்லை 2, வேலையோ தூக்கமோ கெடுகிறது 3. இரண்டையும் கூட்டினால் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 6, வாரத்துக்கு 42. வாரக் கூட்டு 0 என்றால் முழுக் கட்டுப்பாடு. 6 வரை நன்றாகவே இருக்கிறது. 7 முதல் 15 லேசு, 16 முதல் 27 நடுத்தரம், 28-ம் அதற்கு மேலும் கடுமை.

முதல் கேள்வியில் வருபவருக்கு ஒரு மாதக் கூட்டு மட்டும் போதாது. நான்கு வாரத்தையும் தனித்தனியாகப் போட வேண்டும். 0, 0, 2, 19 என்று வந்தால் மருந்து வேலை செய்கிறது, ஆனால் தீர்ந்துபோகிறது. 14, 17, 12, 16 என்று வந்தால் அது வேறு கதை. அங்கே நாளைக் குறைப்பதால் மட்டும் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஊசி ஆரம்பித்து எத்தனை மாதம் என்று பார்க்க வேண்டும். சிலருக்கு முதல் மாதத்திலேயே அடங்கும், சிலருக்கு மூன்று நான்கு மாதம் பிடிக்கும். ஆறு மாதம் முடியாமல் "இவருக்குப் பிடிக்கவில்லை" என்று தள்ளக்கூடாது. ஆரம்பத்திலேயே மொத்த ஐ.ஜி.ஈ. (ஒவ்வாமையில் பங்கு வகிக்கும் எதிர்ப்பொருள்; இந்த ஊசி கட்டிப்போடுவது இதைத்தான்) மிகக் குறைவாகவும், தைராய்டுக்கு எதிரான டி.பி.ஓ. எதிர்ப்பொருள் அதிகமாகவும் இருப்பவர்களிடம் இந்த மெதுவோட்டம் கூடுதல்.

பெரம்பூர் பார்மசி | பதிவு 3

இடைவெளிக்குப் போறதுக்கு முன்னாடி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க. பாதி குழப்பம் அங்கேதான்.

ஊசி போடுறவங்க பெரும்பாலும் மாத்திரையும் சேர்த்துத்தான் சாப்பிடுவாங்க. "ரெண்டு வேளை, ரெண்டு ரெண்டு"ன்னு ஏத்தி எழுதியிருப்பாங்க. சர்வதேச வழிகாட்டுதல்படி தூக்கம் அதிகம் தராத ஆன்டிஹிஸ்டமினை (அரிப்பை அடக்குற அலர்ஜி மாத்திரை) நாலு மடங்கு வரை ஏத்தலாம். லெவோசெட்ரிசின் 5 மி.கி. நாலு, செட்ரிசின் 10 மி.கி. நாலு, ஃபெக்சோஃபெனடின் 180 மி.கி. நாலு. நம்ம ஊர்ல என்ன நடக்குதுன்னா, சீட்டுல லெவோசெட்ரிசின்னு இருக்கும், கடையில மான்டெலுகாஸ்ட் கலந்த அட்டையைக் கொடுத்துடுவாங்க. ஒண்ணுக்குள்ள 10 மி.கி. மான்டெலுகாஸ்ட், அது ஆஸ்துமா, மூக்கு அலர்ஜிக்கான வேற மருந்து. நாலு போட்டா 40. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-ல மான்டெலுகாஸ்ட்டுக்கு மனநிலை மாற்றம் பற்றிக் கட்டம் போட்ட எச்சரிக்கையே சேர்த்திருக்கு. "தனி லெவோசெட்ரிசின் கொடுங்க"ன்னு வாய்விட்டுக் கேக்கணும்.

சிறுநீரகம் பழுதானவங்களுக்கு செட்ரிசின், லெவோசெட்ரிசின் ரெண்டுமே குறைக்கணும், ஏத்தக் கூடாது.

அடுத்தது பிலாஸ்டின், அதுவும் ஆன்டிஹிஸ்டமின்தான். வெறும் வயித்துல போடணும்: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, இல்லேன்னா ரெண்டு மணி நேரம் கழிச்சு. இட்லியோட சேர்த்து முழுங்கிட்டு "மாத்திரை எடுக்கல"ன்னா எப்படி எடுக்கும்? ஃபெக்சோஃபெனடினைப் பழச்சாறோட போடாதீங்க, தண்ணிதான். ஜெலுசில் மாதிரி நெஞ்செரிச்சல் மருந்தோட ரெண்டு மணி நேர இடைவெளி வேணும்.

கடைசியா வலி மாத்திரை. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், தலைவலிக்கு ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின். நாள்பட்ட தடிப்பு இருக்கறவங்கள்ல ஒரு பகுதி பேருக்கு இது பத்தவச்சு விட்டுடும். தினக் குறிப்புல வலி மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு புள்ளி வைங்க. இருதயத்துக்கு எழுதின ஆஸ்பிரினை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க.

எண்ணூர் ஷிப்ட் | பதிவு 4

நைட் ஷிப்ட் ஆளுங்க இந்தக் குறிப்பை எப்படி எழுதறது? நாள் எங்க ஆரம்பிக்குது? அப்புறம், கன்டெய்னர் லாரி ஓட்டறவங்க, கிரேன் ஏறறவங்க நாலு மாத்திரை போட்டா தூக்கம் வராதா?

தோல் முதுகலை | பதிவு 5

நாள் என்பது 24 மணி நேரம், அவ்வளவே. தூங்கி எழுந்ததும் எழுதினால் போதும். தினமும் அதே தருணமாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். காலண்டர் தாள் கிழிக்கும் நேரம் எது என்பதில் யாருக்கும் அக்கறை இல்லை.

தூக்கம்: ஃபெக்சோஃபெனடின், பிலாஸ்டின் இரண்டும் மிகக் குறைவு. செட்ரிசின் வகை சிலருக்கு மந்தம் தரும், டோஸ் ஏற ஏற அது கூடும். ஸ்டியரிங் பிடிப்பவருக்கு எந்த மருந்தை ஏற்றுவது என்பதை இதை வைத்தே முடிவு செய்யலாம். இரவில் ஏவில், ஹைட்ராக்சிசின் என்று பழைய மருந்தைக் கூடுதலாகச் சேர்ப்பதை இப்போதைய வழிகாட்டுதல் ஏற்பதில்லை. அதன் மந்தம் மறுநாள் காலையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு வகை ஆன்டிஹிஸ்டமினைக் கலப்பதைவிட ஒன்றையே ஏற்றுவது மேல்.

இன்னொன்று: அரிக்கும்போது மட்டும் போடுவது பலன் தராது. தினமும் போட வேண்டும்.

மின்ட் மணிக்கூண்டு | பதிவு 6

முதல் கேள்விக்கு வருவோம். ஓமலிசுமாபின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஆகும் காலம், தடிப்பு நோயாளிகளிடம் ஏறத்தாழ 24 நாள். ஊசி போட்ட ஒரு வாரம் வாக்கில் ரத்தத்தில் உச்சம். அங்கிருந்து கணக்கிட்டால் ஒரு ஊசியின் உச்சத்தில் 28-ம் நாள் சுமார் 55 சதம் மிச்சம், 42-ம் நாள் 36, 56-ம் நாள் 24. இது காகிதக் கணக்குதான். ஆள் பருமன், ஐ.ஜி.ஈ. உற்பத்தி எல்லாம் இதை இழுக்கும். ஆனாலும் நான்காவது வாரத்தில் ஒருவருக்கு ஏன் கைவிடுகிறது என்பது இதிலேயே தெரியும்: அவருக்கு வேண்டிய அடிமட்டம் இந்த 55-க்கு மேலே இருக்கிறது.

அப்படிப்பட்டவருக்கு 300-ஐ 3 வாரத்துக்கு ஒன்றாக்குவது முதல் படி. அப்புறமும் 15, 16-ம் நாளில் தலைகாட்டினால் 2 வாரம். 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் 600 மி.கி. வரை ஏற்றவும், 2 வாரம் வரை குறுக்கவும், இரண்டையும் சேர்த்துச் செய்யவும் இடம் தருகிறது. மருந்துப் பெட்டியில் அச்சிட்ட அளவு 300, 4 வாரம். அதற்கு மேல் போவது மருத்துவர் எழுதித் தர வேண்டிய விஷயம், காப்பீட்டில் மறுக்கவும் செய்வார்கள்.

நாளைக் குறைப்பதா, அளவை ஏற்றுவதா? முதல் வாரங்கள் சுத்தம், கடைசி வாரம் மட்டும் மோசம் என்றால் நாளைக் குறைப்பது. மாதம் முழுக்க அரைகுறை, அதுவும் உடல் எடை அதிகம் என்றால் அளவை ஏற்றுவது. ஒரே சமயத்தில் இரண்டையும் மாற்றினால் எது பலித்தது என்று பிறகு தெரியாது. 6 மாதம் முழு அளவில் போட்டும் அசையவில்லை என்றால் சைக்ளோஸ்போரின் (நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து) பேச்சு வரும். கிலோவுக்கு 5 மி.கி. வரை, ரத்த அழுத்தமும் கிரியாட்டினினும் கட்டாயம் பார்க்கணும்.

ஊசி அறை, ராயபுரம் | பதிவு 7

நன்றி சார். ரெண்டாவது கேள்வியில எனக்கே ஒரு சந்தேகம். 150 மி.கி. குப்பி கணக்குல பார்த்தா, 300-ஐ 8 வாரத்துக்கு ஒண்ணு போட்டாலும், 150-ஐ 4 வாரத்துக்கு ஒண்ணு போட்டாலும் வருஷத்துக்கு அதே 13 குப்பிதான். அப்ப எது நல்லது?

தோல் முதுகலை | பதிவு 8

வழிகாட்டுதல் இரண்டையும் ஏற்கிறது. பாதி அளவை அதே 4 வார இடைவெளியில் போட்டால் ஏற்ற இறக்கம் குறைவு. 8 வாரத்தில் மலையும் பள்ளமும் அதிகம். ஆனால் நிறுத்துவதுதான் இலக்கு என்றால் இடைவெளியை நீட்டுவதே தெளிவான சோதனை. மருந்து குறையும் கடைசி நாட்களில் நோய் தூங்குகிறதா, விழிக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். பேருந்து, ரயில் செலவும் பாதி. திருவொற்றியூரிலிருந்து ஒரு வேலை நாளை விட்டுவிட்டு வருபவருக்கு அது சின்ன விஷயமில்லை.

விதி இவ்வளவுதான். குறைந்தது தொடர்ந்து 3 மாதம் முழுக் கட்டுப்பாடு. பிறகு ஒரு தடவைக்கு ஒரு வாரம் மட்டும் நீட்டல்: 5, 6, 7, 8. எட்டு வார இடைவெளியிலும் சுத்தமாக இருந்தால் நிறுத்திப் பார்க்கலாம்.

மின்ட் மணிக்கூண்டு | பதிவு 9

இதில் ஒரு திருத்தம். ஒவ்வொரு படியிலும் இரண்டு ஊசியாவது நிற்க வேண்டும்.

காரணம் அதே அரை ஆயுள். இடைவெளியை மாற்றியதும் ரத்த அளவு உடனே புது மட்டத்துக்கு இறங்காது. நான்கைந்து அரை ஆயுள், அதாவது மூன்றரை நான்கு மாதம் ஆகும். 5-ம் வாரத்தில் சுத்தமாக இருப்பது பழைய சேமிப்பின் புண்ணியமாக இருக்கலாம். அதை நம்பி 6, 7 என்று விரட்டிக்கொண்டு போனால் 7-ல் திடீரென்று சரியும். எந்தப் படியில் தவறினோம் என்றே தெரியாது.

பெரம்பூர் பார்மசி | பதிவு 10

சார், வழிகாட்டுதல்ல அப்படி ரெண்டு ஊசின்னு கிடையாது. காசு போடுறவங்களையும் கொஞ்சம் பாருங்க. படிக்கு ரெண்டுன்னா 10, 12, 14, 16 வாரம், மொத்தம் 52. ஒரு வருஷம்!

மின்ட் மணிக்கூண்டு | பதிவு 11

கிடையாதுதான். என் வாதம் மருந்தியலிலிருந்து வருகிறது, ஆணை ஒன்றும் இல்லை. காசுக் கணக்கையே போடுவோமே.

4 வார முறையில் வருஷத்துக்கு 26 குப்பி. படிக்கு இரண்டு ஊசி என்று மெதுவாகப் போனால் 8 ஊசி, 16 குப்பி. நேரே 8 வாரத்துக்குத் தாவினால் சராசரி 13. தாவினதில் மிச்சம் மூன்றே குப்பி. தாவி, சறுக்கி, திரும்ப 4 வாரத்துக்கு வந்து மூன்று மாதம் நிலைக்கவைத்து மறுபடி ஆரம்பித்தால் அந்த மூன்று எங்கே போகும்? நடுவில் தாங்க முடியாமல் தெருமுனையில் டெக்சா என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வது வேறு.

பெரம்பூர் பார்மசி | பதிவு 12

மூணு குப்பின்னு நான் நினைக்கல. ஒத்துக்கறேன். ஆனா வருஷக்கணக்கா தடிப்பு இல்லாம, ஒரு படிக்கு ஒரு ஊசின்னு 26 வாரத்துல 8-ஐத் தொட்டவங்களைத் தப்புன்னும் சொல்ல மாட்டேன்.

டெக்சா பேச்சு வந்ததால: ஸ்டீராய்டு கடுமையான நாட்களுக்கு மட்டும், அதிகபட்சம் 10 நாள். "ஒரு ஏவில், ஒரு டெக்சா போட்டா சரியாயிடும்"னு வாராவாரம் போடுறவங்க குறிப்பேட்டை நம்பவே முடியாது. மருந்து இறங்கும்போது தடிப்பு சீறிக்கிட்டு வரும். அதைப் பார்த்து ஓமலிசுமாப் தோத்துப்போச்சுன்னு எழுதிடுவாங்க.

கொருக்குப்பேட்டை கேட் | பதிவு 13

நீட்டும்போது கத்திரிக்காய், கருவாடு, இறால் எல்லாம் நிறுத்தணுமா? வீட்டுல பெரியவங்க விடமாட்டேங்கறாங்க.

தோல் முதுகலை | பதிவு 14

தேவையில்லை. ஆறு வாரத்துக்கு மேல் தினமும் வந்துபோகும் தடிப்புக்கு உணவு ஒவ்வாமை காரணமாக இருப்பது அரிது. பெரிய அலர்ஜி பேனல் ரத்தப் பரிசோதனைக்கும் இங்கே வேலை கிடையாது. ரத்த அணுக்கள், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அல்லது இ.எஸ்.ஆர்., தேவைப்பட்டால் மொத்த ஐ.ஜி.ஈ., டி.பி.ஓ. எதிர்ப்பொருள். அவ்வளவுதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு, காசிமேடு பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஐஸ் சரியாகப் போடாத சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீனில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும்; சமைத்தாலும் போகாது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, அரித்து, தலை வலித்து, ஒரு நாளுக்குள் அடங்கும். ஒரே சட்டியில் சாப்பிட்ட மற்றவருக்கும் வந்தால் சந்தேகமே வேண்டாம். அது மீனின் குற்றம். அந்த நாளைக் குறிப்பில் தனியாக எழுதிவிட்டு, இடைவெளி முடிவிலிருந்து விலக்குங்கள்.

வியர்த்தால் குண்டூசித் தலை அளவில் பொரிப்பது, பெல்ட், பை வார் அழுத்தின இடத்தில் சில மணி நேரம் கழித்து வீங்குவது: இவை தூண்டலால் வரும் வகை. யு.ஏ.எஸ். 7 இவற்றை அளக்காது. யு.சி.டி. என்ற நான்கு கேள்வித் தாள் அளக்கும். மொத்தம் 16, 12-ஓ அதற்கு மேலோ இருந்தால் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வியர்வை வகையும் கலந்திருப்பவருக்கு அக்கினி நட்சத்திரத்தில் நீட்டல் ஆரம்பிக்காதீர்கள். வெயில் செய்ததா, இடைவெளி செய்ததா என்று பிரிக்கவே முடியாது.

எண்ணூர் ஷிப்ட் | பதிவு 15

ஊசியும் போடுறாங்க, தினம் நாலு செட்ரிசினும் போடுறாங்க. எதை முதல்ல குறைக்கறது?

மின்ட் மணிக்கூண்டு | பதிவு 16

இதில் ஆளுக்கொரு பழக்கம். நான் மாத்திரையை முதலில் இறக்கச் சொல்வேன்: மாதத்துக்கு ஒரு மாத்திரைக்கு மேல் குறைக்கக் கூடாது. நாலிலிருந்து ஒன்றுக்கு வர மூன்று மாதம். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஊசி நாளை நீட்டலாம். தோல் முதுகலை மாற்றிச் சொல்லலாம்.

ஒரு பொறி மட்டும் எச்சரிக்கிறேன். செட்ரிசின், லெவோசெட்ரிசின் நீண்ட நாள் போட்டுத் திடீரென்று நிறுத்தினால் சில நாளில் கடுமையான அரிப்பு வரலாம் என்று எஃப்.டி.ஏ. 2025 மே மாதம் அறிவித்தது. அரிது, ஆனால் வந்தால் தூக்கம் போய்விடும். அது நோய் திரும்பியதாக ஆகாது: அரிப்பு 3 இருக்கும், தடிப்பு எண் 0-வாகவே இருக்கலாம். அதனால்தான் இரண்டு எண்ணையும் தனித்தனியே எழுதச் சொல்கிறோம்.

தோல் முதுகலை | பதிவு 17

மாற்றிச் சொல்ல மாட்டேன். விலையும் வலியும் உள்ளது ஊசி என்பதால் அதை முதலில் குறைக்கலாம் என்பவர்களும் உண்டு. எதை எடுத்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று.

திரும்பினால் என்ன செய்வது? வாரக் கூட்டு 6-ஐத் தாண்டி அடுத்த வாரமும் அப்படியே இருந்தால் கடைசியாக நன்றாக இருந்த இடைவெளிக்குத் திரும்பி 3 மாதம் நில்லுங்கள். ஒரே ஒரு கெட்ட நாளை வைத்துப் பின்வாங்க வேண்டாம். முழுவதும் நிறுத்திய பிறகு சில மாதம் கழித்து வந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. மறுபடி ஆரம்பித்தால் பெரும்பாலும் முன்போலவே கேட்கும்.

ஊசி அறை, ராயபுரம் | பதிவு 18

எங்க பக்கத்துப் பிழைகளையும் போட்டுடறேன். ஏன்னா "இந்தத் தடவை ஊசி பிடிக்கல"ங்கறதுக்கு இதுவும் காரணம்.

தூள் குப்பியில 1.4 மி.லி. ஊசித் தண்ணி விடணும். குலுக்கவே கூடாது. நுரை வந்தா மருந்து நுரையிலேயே நின்னுடும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை, அஞ்சு பத்து விநாடி மெதுவாச் சுழட்டணும். கரைய 15, 20 நிமிஷம் ஆகும். அவசரப்பட்டா ஜெல்லி மாதிரி துணுக்கு அடியில தங்கும். ஒரு குப்பிக்கு 1.2 மி.லி. எடுக்கணும், கெட்டியா இருக்கறதால கடைசிச் சொட்டு வர நேரம் கொடுக்கணும். 300-க்கு ரெண்டு குப்பி, ரெண்டு வேற இடம், தோலுக்கு அடியில.

நிரப்பின சிரிஞ்சு வாங்கிட்டு வர்றவங்க: 2 முதல் 8 டிகிரி. வெளிய இருக்கற மொத்த நேரம் ரெண்டு நாளைத் தாண்டக் கூடாது, அதுவும் 25 டிகிரிக்குள்ள. நம்ம ஊர்ல 25 டிகிரி வெளிய எங்க இருக்கு? ஐஸ் பெட்டியிலதான் கொண்டுவரணும், ஆனா ஐஸ் மேல நேரா வைக்கக் கூடாது, உறைஞ்சா தூக்கிப் போடணும். சிரிஞ்சுக்கும் ஐஸுக்கும் நடுவுல துணி சுத்துங்க. ஃபிரிட்ஜ் கதவுல வேண்டாம். கரன்ட் போன நேரத்தை எழுதி வைங்க.

ஊசிக்கே கடும் அலர்ஜி வருதான்னு பார்க்க, முதல் மூணு தடவை 2 மணி நேரம் உட்காரணும், அப்புறம் 30 நிமிஷம். அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்துல இல்லாத இடத்துல போடாதீங்க.

கொருக்குப்பேட்டை கேட் | பதிவு 19

ஊசி ஆரம்பிச்ச அப்புறம் மொத்த ஐ.ஜி.ஈ. மூணு நாலு மடங்கு ஏறியிருந்தா மருந்து எதிர்மாறா வேலை செய்யுதுன்னு அர்த்தமா? இதை வச்சு இடைவெளியைக் குறைக்கணுமா?

மின்ட் மணிக்கூண்டு | பதிவு 20

இல்லை. மருந்து ஐ.ஜி.ஈ.-யைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறது. அந்தக் கட்டு மெதுவாகத்தான் வெளியேறும். பரிசோதனை கட்டுப்பட்டதையும் சேர்த்து எண்ணிவிடும். நிறுத்தி ஒரு வருஷம் வரைகூட அந்த எண் உயர்ந்தே இருக்கலாம். தடிப்புக்கான அளவு எடையையோ ஐ.ஜி.ஈ.-யையோ வைத்துப் போடுவதும் இல்லை, அது ஆஸ்துமாவில். அந்தப் பரிசோதனைக் காசை மிச்சம் பிடியுங்கள்.

இடைவெளியைப் பேசவே கூடாத ஆட்களையும் சொல்லிவிடுகிறேன். ஒரே தடிப்பு 24 மணி நேரத்துக்கு மேல் அதே இடத்தில் நின்று, வலித்து, மறையும்போது கன்றின நிறம் விட்டால் ரத்தக்குழாய் அழற்சியா என்று தோல் துணுக்கு எடுத்துப் பார்க்கணும். தடிப்பே இல்லாமல் உதடும் நாக்கும் மட்டும் வீங்கினால் முதலில் பிரஷர் மாத்திரையைப் பாருங்கள், எனலாப்ரில், ராமிப்ரில் வகையா என்று. பரம்பரை வீக்கமாகவும் இருக்கலாம், அதற்கு ஆன்டிஹிஸ்டமின் கேட்காது. தொண்டை அடைத்து, மூச்சு இழுத்தால் இழையில் கேட்காமல் 108.

எண்ணூர் ஷிப்ட் | பதிவு 21

கடைசியா ஒண்ணு. ஊசி நாள் சரியா போகி அன்னிக்கு விழுது, பொங்கலுக்கு ஊருக்குப் போகணும்னா? முன்னாடி போடலாமா, வந்து போடலாமா?

ஊசி அறை, ராயபுரம் | பதிவு 22

நாலஞ்சு நாள் முன்னாடி போட்டுட்டுப் போகச் சொல்லுங்கண்ணா, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு. நாலாவது வாரம் கைவிடுற ஆளா இருந்தா கண்டிப்பா முன்னாடிதான். நல்ல கட்டுப்பாட்டுல இருக்கறவங்க வந்து அஞ்சாறு நாள் தள்ளிப் போட்டாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா அந்தத் தாமதத்தை "5 வாரம் பாஸ்"னு கணக்குல ஏத்தாதீங்க. தாள்ல "பொங்கல் தாமதம்"னு எழுதிட்டு அடுத்த தேதியை ஊசி போட்ட நாள்ல இருந்து எண்ணுங்க.